கேம் ஸ்டோரில் முதல்முறை டிஎம், மூன்று மணி நேரத்தில் எதை முடிக்கலாம்?

எடிசன்வாசி
வணக்கம் மக்களே. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். இரண்டு வருடமாக நண்பர்களோடு வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன், ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம். எப்போதும் பிளேயராகத்தான். போன வாரம் பக்கத்து கேம் ஸ்டோர்க்காரர், வெள்ளிக்கிழமை ஒரு மேசை தருகிறேன், புதியவர்களுக்கு நீ டிஎம்மாக இருந்து, அதாவது கதை சொல்லி ஆட்டத்தை நடத்து என்றார், நானும் யோசிக்காமல் சரி சொல்லிவிட்டேன். ஏழு மணிக்கு ஆரம்பம், பத்துக்குக் கடை அடைப்பு. ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒரு அப்பாவும் 11 வயது மகளும். ஒருவரையும் எனக்குத் தெரியாது. கையில் 2014-இல் வந்த ஸ்டார்டர் செட், புதியவர்களுக்கான பெட்டி, இருக்கிறது, ஆனால் அதில் உள்ளது கேரக்டர்கள் 1 முதல் 5 லெவல் வரை வளரும் நீளமான கதை. எங்கே நிறுத்துவது? கேரக்டர்களை அங்கேயே உட்கார்ந்து உருவாக்கலாமா? பக்கத்து மேசைகளில் மேஜிக் சீட்டாட்டம் ஆடுபவர்கள் வேறு, அவர்களுக்கு வெள்ளிதான் திருவிழா.

பகடைப்பித்தன்
கேரக்டர் உருவாக்கம் வேண்டவே வேண்டாம். நான் அந்தத் தப்பைச் செய்தேன், ஒருத்தர் மந்திரப் பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய், மற்றவர்கள் போனில் மூழ்கிவிட்டார்கள். செட்டிலேயே தயாராக ஐந்து கேரக்டர் தாள் இருக்கும், ஆறாவது ஆளுக்கு ஃபைட்டரை, அதாவது போர்வீரர் தாளை, நகல் எடுத்துப் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

மூன்று மணி நேரம் என்பது பேச்சுக்குத்தான். வந்து உட்கார அரை மணி, மூட்டை கட்டக் கால் மணி. புதியவர்கள் ஆறு பேர் என்றால் ஒரு சண்டைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு சண்டைக்கு மேல் திட்டம் போடாதீர்கள். சத்திரத்தில் அறிமுகப் படலமெல்லாம் வைக்காமல், வண்டி போய்க்கொண்டிருக்கிறது, வழியில் செத்த குதிரைகள் கிடக்கின்றன என்று செட்டில் உள்ள முதல் சண்டைக் காட்சியிலேயே நேரே தொடங்குங்கள்.

கோப்ளின்_கணக்கன்
அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அந்த முதல் சண்டையை அச்சடித்தபடியே ஓட்டினால் அழுகைதான். புதரில் நான்கு கோப்ளின், குட்டி அரக்கர்கள், ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றும் அடிக்க டி20, அதாவது இருபது முகப் பகடை, உருட்டி 4 கூட்டும், பட்டால் சேதம் டி6, ஆறு முகப் பகடை, உடன் 2. அதாவது சராசரியாக ஐந்து, ஐந்தரை. பிளேயர்களில் மந்திரவாதிக்கு இருப்பதோ எட்டுக்குப் பக்கத்தில் ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. இரண்டு அடி பட்டால் படுத்துவிடுவார், அதுவும் அவர் முறை வரும் முன்பே. முதலில் இரண்டை மட்டும் இறக்குங்கள், பிளேயர்கள் சுலபமாகச் சமாளித்தால் மீதி இரண்டும் வரட்டும். ஒன்று விழுந்ததும் இன்னொன்று ஓடட்டும், அதைத் துரத்திக்கொண்டு குகைக்குப் போவார்கள். ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்குப் போனால் உடனே சாவு இல்லை, ஒவ்வொரு முறையும் டி20 உருட்டி 10 அல்லது அதற்கு மேல் மூன்று தடவை வந்தால் நிலைமை சீராகும், மூன்று தடவை தவறினால்தான் போச்சு. இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் முதல் ஆள் விழுந்ததும் மேசையே அமைதியாகிவிடும்.

நீலக்கல்
அந்தச் சிறுமியை அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், எதிர்ப்பக்கம் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அப்பாதான் இரண்டு கேரக்டரையும் ஆடுவார். நான் பார்த்த அப்பாக்கள் எல்லோரும் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்கள் என்பதால் எக்ஸ் கார்டும் வையுங்கள், எக்ஸ் எழுதிய ஒரு அட்டை, யாராவது தொட்டால் அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டு மேலே போக வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. சத்தத்துக்கு ஒரே வழி, நின்றுகொண்டு பேசுவதுதான். புத்தகத்தில் உள்ள வர்ணனையை வாசித்தால் யார் காதிலும் விழாது.

பகடைப்பித்தன்
கோப்ளின் அடிக்கிற ஆட்டத்துக்கு எக்ஸ் கார்டு கொஞ்சம் ஓவர் இல்லையா?

நீலக்கல்
உங்கள் வீட்டு மேசைக்கு ஓவர்தான். கடை மேசையில் யார் வருவார் என்று உங்களுக்கே தெரியாதே.

எடிசன்வாசி
முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். அட்டையை யாரும் தொடவில்லை. இரண்டு கோப்ளினோடு ஆரம்பித்தேன், ஒன்றைக் கொன்றதும் இன்னொன்றை அந்தச் சிறுமி ரொட்டி காட்டி வழிகாட்டியாக்கிக்கொண்டாள். அப்பா எதிர்ப்பக்கத்திலிருந்து "அதை நம்பாதே" என்று கத்திக்கொண்டே இருந்தார். குகை வாசலுக்குப் போகும்போது மணி 9:40, அங்கேயே நிறுத்தினேன். அடுத்த வெள்ளியும் மேசை உண்டாம். இரண்டு பேர் வரமாட்டார்களாம், புதிதாக ஒருவர் வருகிறாராம். தொடர்வதா, முதலிலிருந்தா?

கோப்ளின்_கணக்கன்
தொடருங்கள். வராதவர்கள் வண்டிக்குக் காவல், புது ஆள் குகைக்குள் கட்டிப்போட்ட கைதி.