கறித்தூள் வியாபாரம்: விலையைக் கூட்டிறதோ, சொந்தமா மில் போடுறதோ?

இணுவில் தூள்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலை மூண்டு பேர் சேந்து வறுத்த கறித்தூள் செய்து யாழ்ப்பாணம், சுன்னாகம், மானிப்பாய்ப் பக்கம் 20 கடைக்குப் போடுறம். 250 கிராம் பைக்கற், கடைக்கு 325 ரூபா. மாதம் 350 பைக்கற் அளவிலை போகுது. அரைக்கிறது வெளியிலை, கிலோ 60 ரூபா. யாவாரம் நடக்குது, ஆனால் அடுத்த முறைக்குச் செத்தல் மிளகாய் எடுக்கக் கையிலை காசில்லை. விலையைக் கூட்டினால் கடைக்காரர் விட்டிடுவினமோ எண்டு பயம். 4 லட்சம் கடன் எடுத்துச் சொந்த மில் போட்டால் செலவு குறையுமோ? கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கொப்பியும் பேனையும்:
தங்கச்சி, மில்லைப் பிறகு பாப்பம். முதல் உங்கட அடக்க விலை சரியோ எண்டு பாருங்கோ. கனபேர் பிழைவிடுற இடம், வாங்கின நிறையாலை பிரிக்கிறது. பிரிக்கவேண்டியது கடைசியா வந்த தூளின்ர நிறையாலை.

ஒரு தரத்துக்குச் செத்தல் 5 கிலோ, மல்லி 5 கிலோ, பெருஞ்சீரகம் 1 கிலோ, நற்சீரகம் அரைக் கிலோ, மிளகு அரைக் கிலோ, வெந்தயம் 250 கிராம், மஞ்சள் 250 கிராம் எண்டு வையுங்கோ. மொத்தம் 12½ கிலோ. செத்தல் 900, மல்லி 500, பெருஞ்சீரகம் 1000, நற்சீரகம் 1600, மிளகு 2400, வெந்தயம் 600, மஞ்சள் 2200 எண்டு உதாரணத்துக்குப் போட்டால் 10,700 ரூபா வரும். உங்கட பில்லிலை உள்ள விலையைப் போட்டு மாத்திக்கொள்ளுங்கோ.

12½ ஆலை பிரிச்சால் கிலோ 856. ஆனால் செத்தல் காம்பு முறிக்க 350 கிராம் அளவிலை போகும். காயவைச்சு வறுக்க ஈரம் போய் நூறுக்கு எட்டுக் குறையும். மில்லுக்குள்ளை ஒட்டுறது, அரிப்பிலை நிக்கிறது எல்லாம் கழிச்சால் கைக்கு வாறது 10.9 கிலோ. இப்ப கிலோ 982. வித்தியாசம் 126 ரூபா. இதை ஒருதரும் கொப்பியிலை எழுதிறேல்லை.

இனி மற்றச் செலவு. காஸ் கிலோவுக்கு 40, அரைகூலி 60, பையும் லேபிளும் ஒண்டுக்கு 25 எண்டால் கிலோவுக்கு 100, ஓட்டோ 46. வீட்டு ஆக்களின்ர கூலி ஒரு தரத்துக்கு 3000 போட்டால் கிலோவுக்கு 275. எல்லாம் கூட்டினால் 1,503. ஒரு பைக்கற்றுக்கு 376.

குறையிற நிறையையும் கூலியையும் விட்டுக் கணக்குப் பாத்தால் 275 ரூபாதான் வரும். அப்ப 325க்குக் குடுக்க 50 ரூபா லாபம் மாதிரித் தெரியும். உண்மையிலை 51 ரூபா நட்டம், அது உங்கட கூலியிலை வெட்டுப்படுகுது. 69 ரூபா கூலி வரவேண்டிய இடத்திலை 18தான் வருது. 350 பைக்கற்றுக்கு மாதம் 6,300 ரூபா, மூண்டு பேருக்கும் சேத்து! செத்தல் எடுக்கக் காசில்லாததுக்குக் காரணம் இதுதான்.

பைக்கற்றிலை 480 அடிச்சுக் கடைக்கு 15 வீதக் கழிவு குடுத்தால் உங்களுக்கு 408 வரும். மிச்சம் 32. அதை வீட்டுச் செலவோடை கலக்காமல் தனிய வையுங்கோ. அடுத்த செத்தல் அதிலை இருந்துதான் வரோணும்.

இன்னுமொண்டு: 2024 ஜனவரி முதல் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதம். வற்றுக்குப் பதியாத சின்ன ஆக்கள் பை, லேபிள், மெசின் வாங்கேக்கை குடுக்கிற வரியைத் திருப்பி எடுக்கேலாது. அதாலை விலை கேக்கேக்கை வற்றோடையோ வற் இல்லாமலோ எண்டு கேட்டு, முழுத்தொகையையும் அடக்கத்திலை சேருங்கோ.

சந்தையடி:
மேலை அண்ணை சொன்ன கணக்குச் சரி. ஆனால் 325 இலை இருந்து ஒரேயடியா 408க்குப் போனால் பாதிக் கடை கழண்டிடும். இரண்டு படியா ஏறுங்கோ, அதோடை 100 கிராம் பையும் இறக்குங்கோ. காசு இறுக்கமான காலத்திலை சனம் கையிலை உள்ள காசுக்குத்தான் சாமான் வாங்கும். 480ஐப் பாத்துக் கையை எடுக்கிற ஆள் 100 கிராம் எடுக்கும். ஒண்டு கவனம், சின்னப் பைக்குப் பொதிச்செலவு கூட. பையும் லேபிளும் 18 ரூபா எண்டால் கிலோவுக்கு 180 வருது, 250 கிராமுக்கு அது 100தான். அதாலை 100 கிராமை 480இன்ர கணக்கிலை 192க்கு விடக்கூடாது, 205, 210 அடியுங்கோ.

பெரிய ஓட்டை, கடைக்குக் கடனுக்குச் சாமான் குடுக்கிறது. 20 கடையிலை 20 பைக்கற் படி நிண்டால் 1,30,000 ரூபா மற்றவையின்ர தட்டிலை நிக்குது. "வித்தாப்போலை தாறன்" எண்டதை நிப்பாட்டுங்கோ. பில்லுக்குப் பில்: போன பில்லின்ர காசு தந்தால்தான் புதுச் சாமான் இறங்கும். கை மேலை காசு தாற கடைக்கு இன்னும் 2 வீதம் கழிவு குடுங்கோ, அது வட்டியை விட மலிவு. தராத கடையை மரியாதையா விட்டிடலாம். காசு தராமல் சாமான் எடுக்கிற 20 கடையை விட, தாற 12 கடை மேல்.

திரும்பி வாற பைக்கற்றைப் புதுத்தூளோடை கலக்காதேங்கோ. மணம் போன தூள் ஒரு கிலோ, நல்லதிலை பத்துக் கிலோவைக் கெடுக்கும்.

மில்லடிச் சிவப்பு:
மில் பற்றி. 4 லட்சம், 15 வீத வட்டி, 3 வருசம் எண்டால் மாதத் தவணை 13,900 அளவிலை. நீங்கள் இப்ப அரைக்கிறது மாதம் 88 கிலோ, கூலி 5,280. தவணைக்கு மட்டும் 230 கிலோ அரைக்கோணும். கரண்டும், அரிப்பு, சுத்தியல், பெல்ட் மாத்திற செலவும் அதுக்கு மேலை. இப்ப போடாதேங்கோ. கரண்டும் லேசில்லை: 2022 ஓகஸ்டிலை சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியிலை 66 வீதமும் ஏத்தினவை. பிறகு குறைச்சவைதான், ஆனால் திரும்ப ஏறாது எண்டு நம்பித் தவணை கட்டேலாது.

எப்பவாவது கடன் எடுத்தால் வட்டி மாறுமோ, மாறாதோ எண்டு வங்கியிலை எழுத்திலை கேளுங்கோ. 2022 ஏப்ரலிலை மத்திய வங்கி தன்ர வட்டியை ஒரே நாளிலை 7 வீதப் புள்ளி கூட்டினது. மாறும் வட்டியிலை இருந்த ஆக்களின்ர தவணை ஏறினது அப்பிடித்தான். நகையை அடைவு வைச்சுச் செத்தல் எடுக்கலாம், இரண்டு மாதத்துக்குள்ளை வித்துக் காசாக்கிற சாமானுக்கு மட்டும். மெசினுக்கு வேண்டாம்.

இப்ப செய்யவேண்டியது தூள் பழுதாகிறதைக் குறைக்கிறது. மல்லியையும் செத்தலையும் ஒண்டா வறுக்காதேங்கோ. மல்லிக்கு நேரம் கூட, அதுக்கிடையிலை செத்தல் கருகிடும். வெந்தயம் சிவக்கமுன்னம் இறக்குங்கோ, கருகினால் முழுத் தூளும் கைக்கும். கறிவேப்பிலை நொறுங்கிற பதத்துக்குக் காயோணும். ஈரத்தோடை போட்டால் பூஞ்சணம் அங்கையிருந்துதான் தொடங்கும். மாரியிலை செத்தல் வாங்கேக்கை காம்படியை முறிச்சுப் பாருங்கோ, குலுக்க விதை கலகலக்கோணும். ஐப்பசி, கார்த்திகைக்கு வேண்டியதை புரட்டாசிக்குள்ளை காயவைச்சு வறுக்காமல் கட்டி வைக்கலாம், தூளா வைக்காதேங்கோ.

மில்லிலை இருந்து வாற தூள் சுடும். அப்பிடியே பையிலை அடைச்சால் உள்ளை வேர்த்துக் கட்டியாகும். அகலத் தட்டிலை பரப்பி நல்லா ஆறினாப் பிறகு அடையுங்கோ. உங்களுக்கு முன்னாலை அந்த மில்லிலை என்ன அரைச்சவை எண்டும் கேளுங்கோ. முதல் வாற அரைக் கிலோவை வீட்டுக்கு ஒதுக்குங்கோ. சீல் பண்ணமுன்னம் பையின்ர வாயைத் துடையுங்கோ, தூள் ஒட்டினால் பிடிக்காது. ஒரு பையைத் தண்ணிக்குள்ளை அமத்திப் பாத்தால் குமிழி காட்டிக்குடுக்கும்.

இணுவில் தூள்காரி:
மிச்சம் நன்றி அண்ணை ஆக்கள். கடையிலை இப்ப பழைய விலை அடிச்ச பைக்கற் கிடக்கு. அதுக்கு மேலை புது விலை ஸ்டிக்கர் ஒட்டலாமோ?

கொப்பியும் பேனையும்:
ஒட்டக்கூடாது, கடைக்காரரையும் ஒட்ட விடாதேங்கோ. அடிச்ச விலையை மாத்திறதும் அதுக்கு மேலை விக்கிறதும் குற்றம். நுகர்வோர் அதிகாரசபை பிடிச்சால் தண்டம் உங்கட தூளின்ர பேரையும் சேத்து இழுக்கும். பழசு பழைய விலைக்கே போகட்டும். புது விலையைப் புது லேபிளிலை, புது உற்பத்தித் திகதியோடை அடியுங்கோ. லேபிள் ஒரேயடியா ஆயிரக்கணக்கிலை அடிக்காதேங்கோ. விலையும் திகதியும் உள்ள இடத்தை வெறுமையா விட்டு, அதைக் கையாலை குத்திற சீலிலை போட்டால் அடுத்த முறை விலை மாறேக்கை லேபிள் குப்பைக்குப் போகாது. அழியாத மையா எண்டு பாருங்கோ, தூள் எண்ணெய் பட்டால் சாதாரண மை கரைஞ்சிடும்.