நல்ல விந்தணுவைப் பொறுக்கி எடுக்க தனிக் கட்டணம் கட்டலாமா? வேலூர் பக்கம் சிகிச்சை எடுத்தவங்க சொல்லுங்க

ஆம்பூர்க்காரி:
எனக்கு 36 வயசு. முதல் இக்ஸியில் (ஒரே ஒரு விந்தணுவை ஊசியால முட்டைக்குள்ள விடறது) கரு பதிஞ்சு, ஏழாவது வாரம் கலைஞ்சிடுச்சு. இப்போ அடுத்ததுக்குத் தயாராகிறோம். வேலூர்ல நாங்க போற சென்டர்ல, "இந்தத் தடவை பிக்ஸி பண்ணலாம், இல்லன்னா சிப் வெச்சு நல்ல அணுவா எடுக்கலாம்"னு சொல்றாங்க. ரெண்டுமே நல்ல விந்தணுவைப் பொறுக்கி எடுக்கிற முறையாம், ரெண்டுக்கும் பில் தனி. வீட்டுக்காரருக்கு விந்தணு எண்ணிக்கை மில்லிக்கு 18 மில்லியன், முன்னோக்கி ஓடுறது 28 சதவீதம், சரியான வடிவம் உள்ளது 3 சதவீதம். டி.எஃப்.ஐ. (டி.என்.ஏ. உடைஞ்ச அணுக்களோட சதவீதம்) 34. ஷூ கம்பெனியில சொல்யூஷன் போட்டு ஒட்டுற செக்‌ஷன்ல வேலை. நகை ஏற்கெனவே அடகுல இருக்கு. இதையும் கட்டலாமா?

பாலாற்றங்கரை:
கட்டாதீங்க சகோதரி. பிக்ஸியைப் பற்றி நடந்ததிலேயே பெரிய ஆய்வு பிரிட்டனில் 2772 தம்பதிகளை வைத்து நடந்தது. 2019-ல் லான்செட்டில் வெளிவந்தது. நிறைமாதத்தில் குழந்தை பெற்றவர்கள் பிக்ஸியில் 27.4 சதவீதம், சாதாரண இக்ஸியில் 25.2 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2023-ல், இந்த மாதிரிக் கூடுதல் முறைகளை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை.

இன்னொரு கேள்வி. உங்கள் கணவரை யாராவது கட்டிலில் படுக்க வைத்து, நிற்க வைத்துப் பரிசோதித்தார்களா? இல்லை, சாம்பிளை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களா?

சத்துவாச்சாரி அக்கா:
தம்பி, அதே ஆய்வோட மறுபாதியை ஏன் சொல்லாம விட்டீங்க? கரு கலைஞ்சது பிக்ஸியில 4.3 சதவீதம், சாதாவுல 7. இந்தப் பொண்ணுக்குக் கரு பதியாம போகலை, பதிஞ்சு கலைஞ்சிருக்கு. அவளுக்கு வேண்டிய நம்பர் இதுதான். 2022-ல அதே தரவை எடுத்து மறுபடி அலசினாங்க. வயசு கூடின பெண்களுக்கு பிக்ஸியால பலன் தெரியுதுன்னு வந்தது. இவளுக்கு 36.

எனக்கும் கலைஞ்சு கலைஞ்சு போச்சு. பிக்ஸி பண்ணினப்புறம் என் பொண்ணு பிறந்தா. இப்போ யூ.கே.ஜி. படிக்கிறா. அதை நான் எந்தச் சதவீதத்துல சேர்க்கறது?

பாலாற்றங்கரை:
அக்கா, உங்கள் பெண் நல்லா இருக்கணும். ஆனால் பிக்ஸி செய்யாமலே அடுத்த தடவை தங்கியிருக்குமா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. அதற்காகத்தான் ஆயிரக்கணக்கான பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து ஒப்பிடுகிறார்கள். கரு கலைவது அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வி கிடையாது. 2022 அலசலும் ஆய்வு முடிந்த பிறகு தரவைத் திரும்பப் பிரித்துப் பார்த்தது. இன்னொரு ஆய்வுக்கு அது நல்ல காரணம். அடகுக் கடைக்கு ஒருத்தரை அனுப்ப அது போதாது.

லேப்_காட்பாடி:
நான் எம்ப்ரியாலஜி லேப்ல (கரு உருவாக்கற லேப்) வேலை பார்க்கிறேன். உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம காசு கட்டுறாங்க, அதனால எழுதறேன்.

எந்த சென்டரா இருந்தாலும் பொறுக்கி எடுக்கிறது ஏற்கெனவே நடக்குது. விந்தை 40, 80 சதவீத அடர்த்தியுள்ள ரெண்டு அடுக்கு திரவத்து மேல ஊத்தி சுழல விடுவோம், திடமான அணுக்கள் அடியில வந்து சேரும். இல்லன்னா ஸ்விம்-அப்: சாம்பிள் மேல மீடியம் விட்டு, டியூபைச் சாய்ச்சு 37 டிகிரியில வெச்சா, ஓடத் தெரிஞ்சது தானா மேல ஏறிவரும். இக்ஸிக்கு அதுல ஒண்ணைக் கண்ணால பார்த்து எடுத்து, வாலை ஊசி முனையால அழுத்தி அசைவை நிறுத்தி, முட்டைக்குள்ள விடுவோம். இவ்வளவும் இக்ஸி பில்லுக்குள்ளயே வரணும்.

பிக்ஸி தட்டுல ஹயலூரோனிக் அமிலப் புள்ளிகள் இருக்கும். முதிர்ந்த அணு அதுல தலையை ஒட்டிக்கும். தலை நகராது, வால் மட்டும் அடிச்சுக்கிட்டே இருக்கும். அப்படி ஒட்டினதைத்தான் எடுப்போம். சிப்புல நுண்துளைச் சவ்வு ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டி நீந்தி வந்ததை மட்டும் சேகரிக்கிறோம். சுழற்றுற வேலை இல்லாததால டி.என்.ஏ. சேதம் குறைஞ்ச அணுக்கள் கிடைக்குது. லேப்ல அதை அளந்து காட்ட முடியும். குழந்தை பிறக்கிற விகிதம் அதே அளவு கூடுதான்னு கேட்டா, அந்த நிரூபணம் இன்னும் வலுவா இல்லை.

ஒண்ணு சொல்லணும். மைக்ராஸ்கோப்ல அழகா ஓடுற அணுவுக்குள்ள டி.என்.ஏ. உடைஞ்சிருந்தா எங்களுக்குத் தெரியாது. சாயம் போட்டுப் பார்க்கலாம், ஆனா சாயம் போட்ட அணுவை முட்டைக்குள்ள விட முடியாது. அதனால டி.எஃப்.ஐ. 34ன்னா நல்லதா எடுக்கிற வாய்ப்பைக் கூட்டறோம், அவ்வளவுதான். உத்தரவாதம் எந்த முறையிலயும் கிடையாது.

ஆற்காடு_புதுசு:
ஒரு சந்தேகம். அணுவையே பொறுக்க முடியும்னா ஆண் குழந்தைக்கான அணுவா எடுக்கச் சொல்லலாமா? எங்க வீட்ல ரெண்டு பெண்.

லேப்_காட்பாடி:
முடியாது, கேட்கவும் கூடாது. கண்ணால பார்த்து எக்ஸ், ஒய் பிரிக்க முடியாது. பிரிக்கிற கருவியை இதுக்குப் பயன்படுத்தறது குற்றம். கருவோட பாலினத்தைக் கண்டுபிடிக்கறதைத் தடுக்கிற 1994 சட்டத்தை 2003-ல திருத்தினப்பவே, கருத்தரிக்கறதுக்கு முன்னாடி செய்யற பாலினத் தேர்வும் தடைக்குள்ள வந்துடுச்சு. யாராவது செஞ்சு தரேன்னு சொன்னா அந்த இடத்துக்கு எதுக்குமே போகாதீங்க.

சத்துவாச்சாரி அக்கா:
ரெண்டு பொண்ணு இருக்கிற வீடு நிறைஞ்ச வீடும்மா. இங்க ஒண்ணுக்கு ஏங்கறவங்க படிக்கிறாங்க.

ஆம்பூர்க்காரி:
பாலாற்றங்கரை சார், நீங்க கேட்டதுக்கு: இல்லை. அவரை யாரும் தொட்டுப் பார்க்கலை. முதல்ல அவர் டெஸ்டுக்கு வரவே ரொம்ப நாளாச்சு. மாமியார், "என் புள்ளைக்கு என்ன குறை"ன்னு நின்னுட்டாங்க. எல்லா ஊசியும் எனக்குத்தான் போட்டாங்க.

பாலாற்றங்கரை:
நான் சண்டை போடுவது இதற்குத்தான். குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது. விதைப்பைக்கு மேலே ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டு கிடக்கும். நிற்க வைத்துத் தொட்டுப் பார்த்தாலே பல நேரம் தெரியும். டி.எஃப்.ஐ. ஏறுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்புறம் சூடு. விதைகள் உடம்பை விட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியவை. நம்ம ஊர் மே மாத வெயிலில் பாய்லர் பக்கம் நிற்கிறவரும் நாள் முழுக்க லாரி ஓட்டுகிறவரும் இதை டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். பீடி, ஹான்ஸ், ஜிம்மில் போடும் ஹார்மோன் ஊசி எதையும் சொல்ல மாட்டார்கள். அந்த ஊசி உடம்பு பெருக்க உதவும், விந்து உற்பத்தியை நிறுத்தியே விடும். உங்கள் வீட்டுக்காரர் நாள் முழுக்க மூச்சில் இழுக்கும் சொல்யூஷன் கரைப்பானும் விந்தின் தரத்தைக் கெடுக்கக்கூடியது. செக்‌ஷன் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள். வெளியே வரும்வரை கணக்கிட்டால் மூன்று மாதம். காரணத்தைச் சரிசெய்துவிட்டு மூன்று மாதம் கழித்து எடுக்கும் சாம்பிளே வேறு. காரணம் அப்படியே இருக்க, அதே சாம்பிளில் பொறுக்கிக்கொண்டிருப்பது சொத்தை விதை மூட்டையில் முறத்தைப் போடுகிற வேலை.

சத்துவாச்சாரி அக்கா:
மூணு மாசம்னு சுலபமா சொல்லிட்டீங்க. வெரிகோசீலுக்கு ஆபரேஷன்னா ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசத்துல அவ முட்டைக்கும் வயசாகுது தம்பி! 36-ல காத்திருக்கச் சொல்றது ஆம்பளைங்களுக்கு எளிது. அவருக்கு வைத்தியம் பாருங்க, வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா இந்தத் தடவை முட்டை எடுக்கிற அன்னிக்குக் கையில இருக்கிற சாம்பிள் 34 சதவீதம் உடைஞ்சது. அன்னிக்கு அவளுக்கு வேற என்ன வழி இருக்கு? அந்த ஆய்வுல டி.எஃப்.ஐ. அதிகம் உள்ளவங்களை மட்டும் தனியாச் சேர்க்கலையே. எல்லாரையும் போட்டுக் கலக்கி வந்த சராசரியை வெச்சு இவளுக்குப் பலனில்லைன்னு எப்படி முடிவு கட்டுவீங்க?

லேப்_காட்பாடி:
அக்கா கேட்கிறது நியாயமான கேள்வி. டி.எஃப்.ஐ. அதிகமா இருந்து கருவும் கலைஞ்சவங்களுக்கு ஏதாவது ஒரு முறையை முயற்சி பண்றதுல காரணம் இருக்கு. ஆனா ஏதாவது ஒண்ணு. சிப், பிக்ஸி ரெண்டையும் ஒரே பில்லுல போட்டா, ஏன்னு கேளுங்க. சில சென்டர்ல விதையிலிருந்தே நேரா எடுக்கலாம்னும் சொல்வாங்க. அது ஊசி குத்தி எடுக்கிற வேலை, ஆண்களுக்கான டாக்டர் பார்க்காம ஒத்துக்காதீங்க.

செலவில்லாத ஒண்ணு இருக்கு. அஞ்சு நாள், ஏழு நாள்னு அடக்கி வெச்சா எண்ணிக்கை கூடும், சேதமும் கூடும். சாம்பிள் கொடுக்க ஒண்ணு ரெண்டு நாள் இடைவெளி போதுமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. ஆம்பூர்ல எடுத்து பஸ்ஸுல கொண்டு வரவேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள்ள லேப் கைக்கு வரணும், சென்டர்லயே கொடுத்துடறது நல்லது.

ஆம்பூர்க்காரி:
ராத்திரி அவர்கிட்ட இதையெல்லாம் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசலை. காலையில, "திங்கட்கிழமை லீவு போடறேன், ஆம்பளைங்களுக்கான டாக்டர்கிட்ட போலாம்"னார். முட்டை எடுக்கிறதைத் தள்ளிப் போடறதா வேண்டாமான்னு அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணப் போறோம். ரெண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டப் போறதில்லை.

சத்துவாச்சாரி அக்கா:
போய்ட்டு வாங்க. ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடு. வெரிகோசீல் இல்லைன்னு வந்தா காத்திருக்காதே, பிக்ஸி பண்ணிக்கோன்னுதான் நான் சொல்வேன்.

பாலாற்றங்கரை:
இருக்கிறது என்று வந்தால், சிப்புக்கு வைத்திருக்கும் பணத்தை ஆபரேஷனுக்கு எடுத்து வையுங்கள் என்று நான் சொல்வேன்.