மறு: 'கான்சன்ட்ரேட்டட் பாவர்ட்டி'க்கு ஒரு சொல்

> 'செறிவூட்டப்பட்ட வறுமை' வாயில் நுழையவில்லை. 'அடர் வறுமை' போதுமே?

வணக்கம் ஐயா. செறிவூட்டல் யுரேனியத்தோடு நிற்கட்டும், சரி. ஆனால் 'அடர் வறுமை' என்றால் கொடிய வறுமை என்றுதான் படிப்பவருக்குப் படும். இங்கே ஒரு குடும்பம் எவ்வளவு ஏழை என்பதல்ல பேச்சு. சுற்றி எத்தனை வீடுகள் ஏழை என்பது. அமெரிக்காவில் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டாரத்தில் நூற்றுக்கு 40 பேராவது வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இந்தச் சொல்லைப் போடுகிறார்கள்.

என் வாக்கு 'வறுமைக் குவிவு'க்கு. குவிவு இயற்பியலில் ஏற்கெனவே உண்டுதான். முன்னால் வறுமை நிற்கும்போது யாரும் லென்ஸைத் தேட மாட்டார்கள். அப்புறம், இதிலிருந்தே 'வறுமைக் குவிப்பு' என்ற செயலும் கிடைக்கிறது. அது தேவைப்படும். சிகாகோவில் ஏழைகளுக்கான அரசு வீடுகளாக எழுந்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பைப் பாருங்கள்: 1962-ல் கட்டி முடித்தது, ஸ்டேட் தெருவோரம் வரிசையாக 28 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 16 மாடி. வெள்ளையர் பகுதிகளில் இடம் ஒதுக்க நகரமன்ற உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளாததால் எல்லாம் கறுப்பின மக்களின் வட்டாரத்துக்கே வந்தன. அது தானாகக் குவிந்ததில்லை.

> இதைக் குறைக்கும் திட்டங்களை 'வறுமைப் பரவலாக்கம்' எனலாமா?

அதிகாரப் பரவலாக்கம் நல்லது. வறுமையைப் பரவலாக்குவதாக எந்த அமைச்சரும் சொல்லிக்கொள்ள மாட்டார்! 'குவிவு தளர்ப்பு' என்று வைக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. 1992-ல் வந்த 'ஹோப் சிக்ஸ்' என்ற அமெரிக்க அரசுத் திட்டம் இப்படிப்பட்ட அடுக்ககங்களை இடித்துவிட்டுப் பல வருமானத்தாரும் கலந்து வாழும் வீடுகளைக் கட்டியது. ராபர்ட் டெய்லரின் கடைசிக் கட்டடம் 2007-ல் போனது. 1994-ல் ஐந்து நகரங்களில் தொடங்கிய இன்னொரு சோதனையில் இடத்தை விட்டுவிட்டு ஆளை நகர்த்தினார்கள்: குலுக்கலில் தேர்வான குடும்பங்களுக்கு வாடகை உதவி, ஆனால் வறுமை 10 விழுக்காட்டுக்கும் குறைவான வட்டாரத்தில்தான் வீடு பார்க்க வேண்டும். 13 வயதுக்கு முன் அப்படிப் போன பிள்ளைகள் பெரியவர்களானபின், குலுக்கலில் தேர்வாகாத குடும்பங்களின் பிள்ளைகளைவிடச் சுமார் 31 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாடே தொலைந்துபோகும்.

ஆகவே முதலாவதற்குக் 'குடியிருப்பு மறுகட்டமைப்பு', இரண்டாவதற்கு 'உதவியுடன் இடப்பெயர்வு' என்கிறேன். பின்னது கொஞ்சம் நீளம். அந்த வாடகை உதவிக்கான 'வவுச்ச'ருக்கு 'வாடகைச் சீட்டு' என்றால் ரசீதோடு குழம்புமே, வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?