வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பு

கும்பகோணத்திலிருந்து ஓர் அம்மா:

குழந்தைகளின் கண்ணில் காயம் பட்ட கதைகளைக் கேட்டிருந்தீர்கள்; பட்டாசு, பென்சில் முனை என்று பலர் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் வினையானது சுண்ணாம்பு.

மாமியாருக்கு வெற்றிலைப் பழக்கம். பெட்டிக்கடையில் விற்கும் சின்னச் சுண்ணாம்பு பாக்கெட் எப்போதும் பெட்டியில் கிடக்கும். மூன்று வயது மகள் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து அமுக்கிவிட்டாள். ஓரம் பிய்ந்து, அப்படியே வலது கண்ணில் பீய்ச்சி அடித்தது.

தாய்ப்பால் விடலாம் என்றார் அத்தை. பக்கத்து வீட்டம்மா விளக்கெண்ணெயோடு வந்தார். நல்லவேளை, மாடியில் குடியிருக்கும் நர்ஸ் அக்கா ஓடிவந்து, "தண்ணியைத் தவிர எதுவும் வேணாம்" என்று குழாயடிக்குத் தூக்கிப் போனார். கைகாலைத் துண்டில் சுற்றி, இமையைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் ஊற்றினோம். அவள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் வெள்ளைத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன! அவை இருக்கும்வரை கண் வெந்துகொண்டேதான் இருக்கும் என்றார் டாக்டர். சுண்ணாம்பு அரிக்கும் காரப்பொருள் (alkali) அல்லவா, மேலோடு நிற்காது, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். உடனே ஊற்றிய தண்ணீர்தான் கருவிழியைக் காப்பாற்றியதாம்.

லேசான தழும்பு மிச்சம். இந்த வயதில் ஒரு கண் மங்கினால் மூளை அதை ஒதுக்கிவிடும் என்பதால், அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் ஒட்டி மூடுகிறோம். அத்தையின் பெட்டி இப்போது பரண்மேல். பாக்கெட் வாங்குவதே இல்லை, திருகுமூடி டப்பாதான்.

விருதுநகர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்:

சகோதரி, ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றுவது சுண்ணாம்பு, ஆசிட், ஃபினாயில் மாதிரி ஏதாவது பட்டால்தான். கூரானது குத்தியிருந்தால் கழுவக் கூடாது, தேய்க்க விடக் கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. குத்தியது உள்ளேயே நின்றாலும் பிடுங்காதீர்கள். பேப்பர் கப்பைக் கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என் வகுப்புப் பையனுக்குத் துடைப்பக் குச்சி அம்பு கண்ணில் பட்டிருக்கிறது. அடி விழும் என்ற பயத்தில் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. கரும்பலகையைப் பார்க்கத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைக் கையால் மூடியபோதுதான் கவனித்தேன். "வீட்ல திட்ட மாட்டாங்கல்ல சார்?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தான்.