மறு: மறு: ‘அழுத்த ஹார்மோன்’ – படிவத்துக்கு அவசரமாக ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
கருவுற்ற பெண்களின் உமிழ்நீரிலும் தலைமுடியிலும் கார்டிசோலை அளக்கும் ஆய்வுக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ எனப்படும் அதை ‘அழுத்த ஹார்மோன்’ என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தவர்கள் இரத்த அழுத்தச் சோதனை என்று எண்ணிவிட்டார்கள். ‘மன’ சேர்த்தால், “எனக்கு மனநோயா?” என்கிறார்கள்.

தமிழாசிரியர்:
ஸ்ட்ரெஸுக்கு இயற்பியல் பாடநூலில் ‘தகைவு’ இருக்கும்போது கவலை எதற்கு? மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியேயும் இயற்பியலாரின் சொல்லைத்தானே உடலியலுக்கு எடுத்துவந்தார்? தகைதல் என்றால் தடுத்தல், கட்டுதல். தகை அழகும்கூட; குறளின் ‘தகையணங்குறுத்தல்’ அதிகாரம் மறந்துபோயிற்றா? ஹார்மோனோ, தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து 1905இல் உடலியலாளர் ஸ்டார்லிங் பயன்படுத்தியது. ஆகவே ‘தகைவூக்கி’.

பொறியாளர்:
விரித்துப் பாருங்கள், ஐயா. ‘தகைவை ஊக்குவது’ என்று இரண்டாம் வேற்றுமைதான் முந்திக்கொண்டு வரும். நெருக்கடி வந்தபின் மிகுவதை நெருக்கடிக்கே காரணமாக்கிவிட்டீர்கள். தவிர, தகைவு என்றதும் எனக்கு எஃகுக் கம்பிதான் தோன்றுகிறது.

இலங்கை உறுப்பினர்:
எங்கள் உளவியல் எழுத்துகளில் ‘நெருக்கீடு’ புழங்குகிறது. குறுக்கீடு, ஒதுக்கீடு போன்ற ஆக்கம்தான்.

தமிழாசிரியர்:
ஈடு என்பது ‘இடு’வின் முதனிலை திரிந்த தொழிற்பெயர். வெளியிலிருந்து இடுவதை உடலின் எதிர்வினைக்கு எப்படிச் சூட்டுவது? கார்டெக்ஸ் இலத்தீனில் மரப்பட்டை. சிறுநீரகத்தின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பியின் புறணியில், அதாவது வெளியடுக்கில், சுரப்பதால்தான் கார்டிசோல். நாம் ‘புறணிநீர்’ என்போம்.

பொறியாளர்:
கர்ப்பிணியிடம் போய் “உங்கள் புறணியை அளக்க வந்திருக்கிறோம்” என்று சொல்லுங்கள். யாரைப் பற்றிய புறணி என்று கேட்பார்.

தமிழாசிரியர்:
கர்ப்பிணியே வடசொல். ‘கடுஞ்சூல் மகளிர்’ என்ற அழகான ஆட்சி இருக்கிறது.

மகப்பேறு மருத்துவர்:
‘கடுஞ்சூல்’ என்று படிவத்தில் கண்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். சொல்லை விடுங்கள், பொருளைப் பாருங்கள். கருவுற்ற காலத்தில் கார்டிசோல் இயல்பாகவே ஏறும். கடைசி மூன்று மாதங்களில் இரத்தத்தில் மொத்த அளவு இரண்டு மூன்று மடங்காகலாம். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனால், கார்டிசோலைப் பிணைக்கும் புரதமும் கூடுவது ஒரு காரணம். அதனால்தான் பிணைப்பில்லாத பகுதியை மட்டும் காட்டும் உமிழ்நீரை எடுக்கிறார்கள். அதிலும் விழித்த அரை மணி நேரத்தில் உச்சம், இரவில் தாழ்வு. எடுத்த நேரத்தைக் குறிக்காவிட்டால் எண்ணுக்குப் பொருளே இல்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், வேரையொட்டிய மூன்று சென்டிமீட்டர் கடந்த மூன்று மாதங்களின் கணக்கைச் சொல்லும். தகைவோ நெருக்கீடோ, பெயரிலேயே துன்பத்தை வைத்துவிட்டால், இயல்பான ஏற்றத்தைக் கண்டும் அந்தப் பெண் கலங்குவாள். கார்டிசோல் என்றே விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால்: ‘கார்டிசோல் – நெருக்கடியின்போது உடலில் மிகும் ஹார்மோன், கருவுற்ற காலத்தில் இயல்பாகவும் மிகும்.’ மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் அனுப்பிவிடுகிறேன்.

பொறியாளர்:
சம்மதம். களைத்துவிட்டேன்.

இலங்கை உறுப்பினர்:
‘நெருக்கடி’ அவ்வப்போது வருவது, ‘நெருக்கீடு’ நீடிப்பது. ஆனாலும் சரி.

தமிழாசிரியர்:
எனக்குச் சம்மதமில்லை. ‘கார்டிசோல்’ என்பதில் உள்ளதுபோல் ரகர மெய்யின் பின் டகரம் மயங்காது, அதாவது சேர்ந்து வராது. யரழ முன்னர், அதாவது அவற்றை அடுத்து, சொல்லின் முதலில் வரக்கூடிய மெய்தான் வரும். ‘கார்த்திசோல்’ என்றாவது திருத்துங்கள். தகைவூக்கி பற்றி ஞாயிற்றுக்கிழமை விரிவாக எழுதுகிறேன்.