ஊர்மடங்கா, தவழ்மடங்கா?

வணக்கம்.

இராகலைத் தம்பி கேட்டது இரண்டு கேள்வி. அவருடைய சீரிஸ் 3 லாண்ட் ரோவருக்கு 300 டிடிஐ டீசல் எஞ்சின் போடுவதா, இல்லை இருக்கிற பெற்றோல் எஞ்சினோடு கியரை மாற்றுவதா என்பது ஒன்று. கிரோல் ரேஷியோவை, அதாவது வண்டி மிக மெதுவாக ஊர்ந்து ஏறும் கியரின் விகிதத்தை, தமிழில் எப்படிச் சொல்வது என்பது மற்றது. மூன்று நாளாக இங்கே எல்லோரும் ஊர்மடங்கு, தவழ்மடங்கு என்று இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டோம். சரியான சொல் கிடைத்தால் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கும் என்று எனக்குப் படுகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். லோவில் (கல் ரோட்டுக்கும் மேட்டுக்குமான மெதுவான நிலையில்) முதல் கியரைப் போட்டால், சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும்? அந்த எண்தான் விஷயம். கியர்ப்பெட்டியின் முதல் கியர், ஹை, லோ மாற்றும் டிரான்ஸ்பர் பெட்டியின் லோ, அச்சில் இருக்கும் கிரவுன் பினியன் (டிஃப் என்று சொல்வது இதைத்தான்), மூன்றையும் பெருக்க வேண்டும். சீரிஸ் 3 இல் இவை முறையே 3.68, 2.35, 4.7. பெருக்கினால் 40.6 வரும்.

> “ஊர்வு விகிதம்” என்றால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு இழுபறி?

விகிதம் பிழையில்லை. ஆனால் கராஜில் யாரும் “ஒன்றுக்கு நாற்பது” என்று சொல்லி நான் கேட்டதில்லை, “நாற்பது மடங்கு” என்றால் உடனே பிடிபடுகிறது. எஞ்சினின் முறுக்கு விசை சில்லுக்குப் போய்ச் சேரும்போது, உராய்வில் போவது போக, கிட்டத்தட்ட 40 மடங்காகிறது. வேகம் 40இல் ஒரு பங்காகிறது. மடங்கு என்ற சொல் இந்த வேலையைக் காட்டிவிடுகிறது.

பதுளை டீச்சர் பொறிமுறை நயம் என்ற பாடப்புத்தகச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்றார். டீச்சர், நீங்களே படிப்பித்ததுதான்: உராய்வு போக மிஞ்சுவது பொறிமுறை நயம், கியர்ப் பல்லை எண்ணி வருவது வேக விகிதம். நாம் தேடுவது இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அத்தோடு அது எல்லாப் பொறிக்கும் பொதுவான சொல், கப்பிக்கும் அதுதான், நெம்புகோலுக்கும் அதுதான்.

ஊர்மடங்கு என்று முதலில் எழுதியவன் நான்தான். அன்றிரவு அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், அடுப்படியிலிருந்து “எத்தனை மணிக்கு ஊரடங்கு?” என்று குரல் வந்தது. இந்த நாட்டில் அந்தச் சொல்லைப் போல ஒலிக்கும் எதையும் கலைச்சொல்லாக்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. ஊர்தி என்பதே ஊர்தலிலிருந்து வந்தது, ஆகவே ஊர்மடங்கு என்றால் வண்டி ஓடும் எந்தக் கியருக்கும் பொருந்திப்போகும். லோ முதல் கியர் என்ற குறிப்பு அதில் இல்லை. அதனால் இப்போது நான் கேட்பது தவழ்மடங்கு.

> தவழ்வது கைப்பிள்ளை. தோட்டத்து லொறிக்குப் போய் தவழ்மடங்கா?

அண்ணன், அதனால்தான் அதைக் கேட்கிறேன். பிள்ளை வாசற்படி ஏறும்போது எப்படி ஏறுகிறது? கையையும் காலையும் ஊன்றி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்து. நாலு சில்லும் பிடித்துக் கல்லில் ஏறும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. முகில் தவழும் மலை என்று மலையகத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள், ஒரு தடவை லொறியும் தவழட்டுமே.

சரி, தம்பியின் வண்டி.

வலு வேறு, முறுக்கு விசை வேறு. (நம் பாடப்புத்தகத்தில் வலு என்பதைத் தமிழ்நாட்டில் திறன் என்பார்கள், அங்கிருந்து வாசிப்பவர்கள் குழம்ப வேண்டாம்.) கியர் வலுவைக் கூட்டாது. வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கித் தரும், அவ்வளவுதான். றம்பொடை வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போது பின்னால் பத்து வாகனம் ஹோர்ன் அடிக்கிறது என்பது உங்கள் கவலையென்றால் கியரை மாற்றி ஒன்றும் ஆகாது, எஞ்சின்தான் வேண்டும். தோட்டத்துக் கல் ரோட்டில் உர மூட்டையோடு நின்று எடுக்க முடியவில்லை, கிளச் நாறுகிறது என்றால் அது தவழ்மடங்கு விஷயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். நுவரெலியா 1868 மீற்றர். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அங்கே காற்று போதாமல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கிறது. டர்போ உள்ள டிடிஐ இதை ஓரளவு ஈடுகட்டும், அந்த எஞ்சினுக்காக வாதாடுகிறவர்களுக்கு இது நல்ல நியாயம்தான். ஆனால் பல்லுக்கு மூச்சு வாங்காது. கொழும்பில் 40 என்றால் இங்கேயும் 40.

இனி நான் பட்டது. என் வண்டியும் சீரிஸ் 3 தான். ஒரு கராஜில் டிடிஐ போடக் கொடுத்தேன். ரோட்டில் வேகம் வரட்டும் என்று, என்னைக் கேட்காமலே முன்னும் பின்னும் 4.7 ஐ எடுத்துவிட்டு 3.54 டிஃப் போட்டுவிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், 40.6 இருந்தது 30.6 ஆகிவிட்டது. 7.50-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டரை மீற்றர் போகும். எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடினால் முன்பு மணிக்கு 2.6 கி.மீ, இப்போது 3.4. சின்ன வித்தியாசம் மாதிரித்தான் தெரியும். மேட்டில் 265 நியூட்டன் மீற்றர் எஞ்சின் அதைச் சமாளித்துவிட்டது. வினை வந்தது பள்ளத்தில். மழை நாள், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குகிற அந்தச் செங்குத்தில் வண்டி நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியது, பிரேக் பிடித்தால் வழுக்கியது, கடைசியில் கானுக்குள் முன்சில்லு. கூடையோடு இறங்கிக்கொண்டிருந்த அம்மாக்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு ஒரு பெரிய கல்லுக்கு முன்னால் கிளச்சைப் பாதியில் பிடித்துப் பிடித்து ஏறியே தட்டும் கருகிப்போனது.

ஆகவே என் அபிப்பிராயம்: 4.7 ஐத் தொடாதீர்கள். எஞ்சின் மாற்றியே தீர வேண்டும் என்றாலும் டிஃப்பை அப்படியே விட்டு, ரோட்டு வேகத்துக்கு ஓவர்டிரைவ் என்ற மேலதிக கியரைத் தேடுங்கள். மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் முன்னச்சையும் பின்னச்சையும் ஒரே எண்ணில் மாற்ற வேண்டும், இல்லையென்றால் லோவில் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். பெரிய எஞ்சினோ அதிக மடங்கோ, எதுவானாலும் கடைசியில் தாங்க வேண்டியது அச்சுக்குள் இருக்கும் தண்டு. சீரிஸின் பின்தண்டு உடைவதற்குப் பேர்போனது.

> அண்ணே, என் வண்டியில் இப்போது எந்த டிஃப் இருக்கிறதென்றே தெரியாது. கை மாறிக் கை மாறி வந்த வண்டி.

தம்பி, கழற்ற வேண்டாம். சமதரையில் நிறுத்தி, பிளக் நாலையும் கழற்றிவிட்டு, லோ முதல் கியரைப் போடுங்கள். டயரிலும் மட்கார்டிலும் சோக்கட்டியால் ஒரு கோடு. முன்னால் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைச் செருகிச் சுற்றுங்கள், ஒருவர் எண்ணட்டும், வண்டி மெல்ல நகரும். டயர் ஒரு சுற்று வந்து கோடு சேரும்போது 40 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 4.7 அப்படியே இருக்கிறது. 30ஐத் தாண்டிய உடனே சேர்ந்துவிட்டால் உங்களுக்கு முன்னாலேயே யாரோ கை வைத்துவிட்டார்கள். எண்ணி முடித்ததும் இங்கே எழுதுங்கள், அதுவரை எஞ்சினுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.