புதுப்பிப்பு: மினிக்ஸ் 3.1.2-இல் ஜிசிசி பாதியில் நின்றுபோன சிக்கல் தீர்ந்தது

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மினிக்ஸ் இயங்குதளம் ஓடும், 128 எம்பி நினைவகம் ஒதுக்கிய மெய்நிகர் கணினியில், நீண்ட அட்டவணை உள்ள ஒரே ஒரு சி கோப்பைத் தொகுக்கும்போது மட்டும் ஜிசிசி (சி நிரல்களை இயங்கு கோப்பாக மாற்றும் கம்பைலர்) பாதியில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

நினைவகத்தை 256 எம்பி ஆக்கியும் பயனில்லை. ஒரு நிரல் எடுக்கக்கூடிய நினைவக அளவை மாற்றும் சிஎச்மெம் (chmem) கட்டளையைப் பயன்படுத்தச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. இந்தப் பதிப்பில் ஒரு நிரலின் ஸ்டாக்கும் (தற்காலிகத் தரவுக்கான இடம்) ஹீப்பும் (இயங்கும்போது கேட்டுப் பெறும் இடம்) சேர்ந்து எவ்வளவு இடம் எடுக்கலாம் என்பது அதன் இயங்கு கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த அளவு தீர்ந்துவிட்டால், கணினியில் எவ்வளவு நினைவகம் காலியாக இருந்தாலும் நிரலுக்குக் கிடைக்காது.

நான் முதலில் செய்த தவறையும் சொல்ல வேண்டும். ஜிசிசி என்ற கோப்புக்கே அளவைக் கூட்டினேன். அது உண்மையான கம்பைலரை அழைக்கும் முகப்பு நிரல் மட்டுமே. அது ஃபோர்க் செய்யும்போது, அதாவது தன்னையே நகலெடுத்துப் புதிய செயல்முறையைத் தொடங்கும்போது, அதே அளவு இடம் மறுபடியும் தேவைப்படுவதால், நிலைமை முன்னைவிட மோசமானது. அதைப் பழைய அளவுக்கே மாற்றிவிட்டு, உண்மையான கம்பைலரான சிசி1 (cc1) என்ற கோப்புக்கு மட்டும் சிஎச்மெம் கட்டளையில் சமக்குறியுடன் 64000000 பைட் என்று கொடுத்தேன். கோப்பு முழுமையாகத் தொகுக்கப்பட்டது. சிசி1 இருக்கும் இடம் தெரியாதவர்கள், ஜிசிசியை -வி (-v) விருப்பத்துடன் இயக்கி ஏதேனும் ஒரு சி கோப்பைத் தொகுத்தால் முழுப் பாதையும் திரையில் வரும்.

ஜிசிசியை மீண்டும் நிறுவினால் புதிய கோப்பு பழைய அளவோடுதான் வரும். சிஎச்மெம்மைத் திரும்பவும் இயக்க வேண்டும்.